தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும்

அந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாகக் கருப்பம்மாள் நேர்ந்துகொண்டிருந்தாள். தாப்பாவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவள் பால் வெட்டுக்காரி. பொழுது விடியுமுன்பே பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு வந்து நின்றாள். தோட்டத்துச் சனம் பாதி அவளோடு நின்றது. ஆனால் தாப்பாவில் புறப்படும்போதே பஸ்களில் மூச்சுவிட இடமில்லை. ஒன்று போயிற்று, அடுத்ததும் போயிற்று, ஒன்றாவது நிற்கவில்லை. கைகாட்டிக் கைகாட்டித் தோள் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் காய்கறி லாரிக்காரன் ஒருவன் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு வந்து ஈப்போவில் இறக்கிவிட்டபோது சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது.

விரதம் இருந்தவள் நேர்த்தியை விடுவாளா? புந்தோங் மாரியம்மன் கோயிலில் குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, இளகிக் கிடந்த தார் ரோட்டில் வெறுங்காலோடு குனோங் செரோ கல்லுமலைக் கோயில் வரைக்கும் நடந்தாள். சாயங்காலம் தங்கை செல்லாயியின் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தபோது இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துப் போயிருந்தன.

செல்லாயி தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். அக்காள் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

"எல்லாம் ஒன் கம்பெனி பஸ்ஸுதான்டி. பச்சையும் மஞ்சளுமா என்னா அழகா ஓடுது! எங்கள மட்டும் ஏத்தாம."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு பால் வெட்டுக்குப் போகமுடியாமல் அவள் லயத்து வீட்டிலேயே கிடந்ததை யாரோ வந்து சொன்னபோதுதான் அந்த வேடிக்கைப் பேச்சு செல்லாயிக்கு முள்ளாகத் தைத்தது.

செல்லாயியும் அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். தோட்டத்தில் பாதியைத் துண்டு போட்டு விற்றபோது ஆத்தாளோடு புந்தோங்குக்கு வந்தாள். அக்காளைக் கட்டிக்கொடுத்தது தோட்டத்திலேயே என்பதால் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். செல்லாயி பள்ளியை முடித்து, டைப்பிங் படித்து, சீன முதலாளி லியோங் தவுக்கேயின் பஸ் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது. தாப்பா லைன், பத்து காஜா லைன், டவுன் பஸ், ஜெலாப்பாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் என்று கம்பெனி பரவிக்கிடந்தது.

அந்த 1986-ஆம் வருஷ நடுவில் தவுக்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். கண்ணாடித் தடுப்பு போட்டு, ஏர்கான் வைத்து, பூஜையறைக்குள் சாமியை இறக்குவதுபோல இறக்கினார்கள். அதன் முன்னால் யாரை உட்கார வைப்பது என்ற பேச்சு வந்தபோது ஆபிசிலிருந்த ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது?

"நான் உட்காருறேன் சார்" என்றாள் செல்லாயி.

கம்ப்யூட்டர் விற்றவர்கள் நடத்திய வகுப்புக்கு ஒரு வாரம் போய்வந்தாள். கணக்குத்தாள் புரோகிராம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தில் எண்ணைப் போடலாம், இன்னொன்றில் 'இந்த எண்ணையும் அந்த எண்ணையும் கூட்டு' என்று கட்டளை போடலாம். எண்ணை மாற்றினால் கூட்டுத்தொகை தானாக மாறும். போதாக்குறைக்கு எண்களைக் கோடாக வரைந்தும் காட்டும். பச்சை வெளிச்சத்தில் கோடு விழுந்த முதல் நாள் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பஸ் ஓட்டங்களைக் கவனிக்கிற மேனேஜர் ஸ்கந்தராஜா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். பத்து காஜா டவுனில் வீடு. கோடு போடுவதில் மன்னன். மாதத்துக்கு ஒரு தூணாக, கலர் பென்சிலால், ஒவ்வொரு லைனிலும் எத்தனை பேர் ஏறினார்கள் என்று கட்டம் போட்ட தாளில் வரைந்து அறைச்சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தார். தவுக்கேயிடம் எதைக் கேட்பதானாலும் அந்தச் சுவரைக் காட்டித்தான் கேட்பார்.

ஒருநாள் செல்லாயி தயங்கித் தயங்கி அவரிடம் பேச்சை எடுத்தாள்.

"சார், தைப்பூசத்துக்கு தாப்பா லைன்ல கூட பஸ் விட முடியாதா? இந்த வருஷம் எங்க தோட்டத்து ஆளுங்க ரோட்டுலயே நின்னுட்டாங்க. எங்க அக்காவும்தான்."

அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுவரிலிருந்த ஜனவரித் தூணைக் காட்டினார். அது மற்ற மாதங்களைவிடக் குட்டையாக இருந்தது.

"இதைத்தான் பிள்ளை தவுக்கே பார்க்கிறார். ஜனவரி மெலிஞ்ச மாதம், அதுக்கு ஏன் கூட பஸ் எண்டு கேட்பார். பூசத்துச் சனம் முப்பது நாளுக்குள்ளை கரைஞ்சு போகுது."

"போன வருஷம் பூசம் பிப்ரவரியில வந்துச்சே சார்?"

"அதுதான் கரைச்சல். மலாய்க்காரற்றை ஹரி ராயா வருஷாவருஷம் முன்னாலை முன்னாலை ஓடுது. சீனப் பெருநாள் ஒருக்கா ஜனவரி, ஒருக்கா பிப்ரவரி. தீபாவளியும் அப்பிடித்தான். எங்கடை ஊரிலை எந்தத் திருநாள் ஒரு மாதத்திலை நிலையா நிண்டிருக்கு, சொல்லும் பாப்பம்? ஆனா என்ரை தூண் மாத்திரம் மாதத்தோடை அசையாம நிக்குது."

அவரே அப்படிச் சொன்னதும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாதக்கணக்கு வேண்டாம், நாள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று அன்றைக்கே முடிவாயிற்று. மூன்று வருஷத்து நாள் கணக்கையும் செல்லாயி கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஏற்றி முடிக்கவே தீபாவளி நெருங்கிவிட்டது. நாள் ஒவ்வொன்றும் ஒரு வரிசை. தேதி இடது பக்கம், ஏறியவர்களின் எண்ணிக்கை வலது பக்கம். அம்புக்குறி விசையை அழுத்திக்கொண்டே கீழே இறங்கினால் மூன்று வருஷமும் மழைத்தாரை மாதிரி கண்முன்னே ஓடும்.

ஆனால் படம் வரைவதுதான் பெரும்பாடாக இருந்தது. எந்த வரிசையிலிருந்து எந்த வரிசை வரை வரைய வேண்டும் என்று புரோகிராமுக்கு ஒவ்வொரு முறையும் கைபிடித்துக் காட்டவேண்டும். ஸ்கந்தராஜா சும்மா இருப்பாரா? "ஹரி ராயாவுக்கு முந்தின கிழமையைக் காட்டும். இல்லை, அதுக்கும் முந்தின கிழமையிலையிருந்து காட்டும்" என்பார். அவள் முதலிலிருந்து தொடங்குவாள். ஒருமுறை தவுக்கேயே வந்து நின்று, தீபாவளிக் கூட்டத்தைக் காட்டச் சொன்னார். செல்லாயி வரிசைகளைத் தேடிப் பிடித்து, கோட்டை வரவழைத்து, பெருமையோடு திரும்பிப் பார்த்தால் நாற்காலிதான் இருந்தது. தவுக்கே சாப்பிடப் போய்விட்டார்.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தேதியைச் சொன்ன மாத்திரத்தில் படம் வரவேண்டும். ஒரு கட்டத்தில் தொடக்கத் தேதி, இன்னொரு கட்டத்தில் முடிவுத் தேதி. அந்த இரண்டையும் மாற்றினால் போதும், கோடு தானாக நகர்ந்து வந்து நிற்கவேண்டும். அதைச் செய்யாமல் விடுவதில்லை என்று அவள் வரிந்துகட்டிக்கொண்டாள்.

முதல் நாளே அடி சறுக்கியது. தொடக்கத் தேதிக்கான கட்டத்தில், எல்லோரும் எழுதுவதுபோல நாள், சாய்கோடு, மாதம், சாய்கோடு, வருஷம் என்று அடித்தாள். திரையில் பூஜ்யமும் புள்ளியுமாக ஏதோ ஒரு சின்ன எண் வந்து உட்கார்ந்தது. மறுபடியும் அடித்தாள். மறுபடியும் அதே கூத்து. கைப்புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. சாய்கோட்டைப் பார்த்ததும் அந்த இயந்திரம் நாளை மாதத்தால் வகுத்து, வந்ததை வருஷத்தால் வகுத்துத் தள்ளியிருக்கிறது. அதற்குத் தேதி என்பது ஒரு பழைய நாளிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வந்த எண். நாளும் மாதமும் வருஷமும் மனிதர்கள் வைத்துக்கொண்ட அலங்காரம்.

"அட மக்கு, அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று கம்ப்யூட்டரைத் திட்டினாள். உடனே நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என்று மூன்று சின்னக் கட்டங்களை வைத்து, அவற்றைச் சேர்த்துத் தேதியாக்கும் வேலையை நாலாவது கட்டத்திடம் ஒப்படைத்தாள். இனி யார் வந்து அடித்தாலும் வகுத்தல் கணக்கு வராது.

அடுத்த சிக்கல்தான் பெரிது. படம் எப்போதும் தனக்குக் காட்டிய வரிசைகளையே பார்க்கும். அதை நகர்த்துவது எப்படி? பல நாள் பகல் சாப்பாட்டு வேளையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு யோசித்தாள். திடீரென்று ஒருநாள் கை பொட்டலத்திலேயே நின்றுவிட்டது. படத்தை ஏன் நகர்த்தவேண்டும்? படம் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். அதன் முன்னால் ஒரு சின்ன அட்டவணையை வைத்துவிட்டால், பெரிய அட்டவணையிலிருந்து வேண்டிய நாள்கள் அதற்குள் வந்து வந்து போகட்டும்.

அப்படியே செய்தாள். சின்ன அட்டவணையின் முதல் வரிசை தொடக்கத் தேதியை வாங்கிக்கொள்ளும். அடுத்த வரிசை அதோடு ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளும். அதற்கடுத்தது இன்னொரு நாள். முடிவுத் தேதியைத் தாண்டினால் அந்த வரிசை தன்னை வெறுமையாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு வரிசையும் தன் தேதியைக் கொண்டுபோய்ப் பெரிய அட்டவணையில் தேடி, அந்த நாளில் ஏறியவர்களின் எண்ணிக்கையை எடுத்து வரும். படத்துக்கு இந்தச் சின்ன அட்டவணையை மட்டும் ஒரே ஒருமுறை காட்டினாள். பிறகு தேதியை மாற்றி, படத்துக்கான விசையைத் தட்டினாள்.

கோடு மாறியது. மறுபடி மாற்றினாள். மறுபடியும் மாறியது. ஜூனுக்குப் போ என்றால் போயிற்று. நவம்பருக்கு வா என்றால் வந்தது. செல்லாயி எழுந்து நின்று, கண்ணாடித் தடுப்புக்கு வெளியே யாராவது பார்க்கிறார்களா என்று கூட நினைக்காமல் கையைத் தட்டிக்கொண்டாள்.

ஸ்கந்தராஜாவைக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவர் ஒற்றை விரலால் தேதிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். சின்னப்பிள்ளைபோல முகம் மலர்ந்தது. திடீரென்று விரல் நின்றது.

"இது பிழை."

"என்னா சார்?"

"இந்த ரெண்டு நாளையும் பாரும். கோடு ஏறேல்லை, இறங்கேல்லை. முந்தின நாள் எத்தினை பேரோ, அடுத்த நாளும் அச்சொட்டா அத்தினை பேர். அண்டைக்கு வழியிலை கம்பார் டவுனிலை வெள்ளம். ஒரு பஸ்ஸும் ஓடேல்லை. முழங்கால் தண்ணியிலை நான்தான் நிண்டு பஸ்ஸைத் திருப்பி அனுப்பினனான்."

செல்லாயிக்கு முகம் சுருங்கிவிட்டது. போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரி. பஸ் ஓடாத நாளுக்குக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாததால் பெரிய அட்டவணையில் அந்த நாளுக்கு வரிசையே இல்லை. தேடிப் போன இடத்தில் தேதி கிடைக்காததால் கம்ப்யூட்டர் அதற்கு முந்தின நாளின் எண்ணை எடுத்துக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறது. வெறுங்கையோடு திரும்ப அதற்குத் தெரியவில்லை.

"நல்லவேளை சார் பாத்தீங்க. தவுக்கே முன்னாடி இது நடந்திருந்தா மானம் போயிருக்கும்."

"எனக்கு அந்த வெள்ளம் மறக்காது, அதாலை கண்ணிலை பட்டது. வேறை நாளெண்டால் நானும் நம்பியிருப்பன். எல்லா நாளையும் ஒருக்கா சரிபாப்பம், வாரும்."

இருவருமாக உட்கார்ந்து மூன்று வருஷத்தையும் அலசினார்கள். விட்டுப்போன நாள்களுக்கெல்லாம் செல்லாயி வரிசை போட்டு, 'இல்லை' என்பதற்கான குறியை வைத்தாள். இப்போது வெள்ளம் வந்த நாளில் கோடு அறுந்து, மறுநாள் மறுபடி தொடங்கியது. அந்த அறுந்த கோட்டைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தன் வேலைமேல் முழு நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் கடைசிக் கட்டத்தைச் சேர்த்தாள். திருநாள் கட்டம். அதில் திருநாளின் தேதியைப் போட்டால், தொடக்கமும் முடிவும் அதற்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நாளாகத் தாமே அமையும். மூன்று வருஷத்துக்கும் மூன்று திருநாள் கட்டங்கள், மூன்று கோடுகள். ஒரு கோட்டில் சதுரப் புள்ளி, இன்னொன்றில் கூட்டல் குறி, மற்றொன்றில் வைரக் குறி.

முதலில் ஹரி ராயாவைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷத்திலும் அது வேறு வேறு தேதி. ஆனால் திருநாளை நடுவில் நிறுத்தியதும் மூன்று கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, ஒரே மலைபோல ஏறி ஒரே மலைபோல இறங்கின. ஸ்கந்தராஜா தம் சுவரில் ஒட்டியிருந்த தூண்களைக் கண்ணாடித் தடுப்பு வழியே திரும்பிப் பார்த்தார். பிறகு செல்லாயியைப் பார்த்துச் சொன்னார்.

"இருவது வருஷமா இதைத்தான் பிள்ளை நான் பென்சிலாலை பிடிக்கப் பாத்தனான். பிடிபடேல்லை. இண்டைக்குப் பிடிச்சுப் போட்டம்."

'பிடிச்சுப் போட்டீர்' என்று சொல்லாமல் 'பிடிச்சுப் போட்டம்' என்று அவர் தம்மையும் சேர்த்துக்கொண்டது செல்லாயிக்குப் பிடித்திருந்தது.

புது வருஷம் பிறந்ததும் தவுக்கேயைக் கூப்பிட்டார்கள். லியோங் தவுக்கே ஒருகாலத்தில் தோட்டங்களுக்கு வேனில் மளிகைச் சாமான் கொண்டுபோய் விற்றவர். அங்கே பொறுக்கிய தமிழ் இன்னும் அவர் நாக்கில் இருந்தது. கைகட்டி நின்று, "சாப்பாட்டுக்கு முன்னாடி வரும்லா?" என்று கேட்டார். தீபாவளிக் கோட்டுக்குக் காத்து நின்றதை அவர் மறக்கவில்லை.

செல்லாயி தாப்பா லைனை எடுத்து, தைப்பூசத் தேதிகளைப் போட்டு, விசையைத் தட்டினாள். கண்ணிமைக்கும் நேரத்தில் கோடுகள் வந்தன. தவுக்கே குனிந்தார்.

"ஹரி ராயா போடு."

போட்டாள்.

"சீனப் பெருநாள்."

போட்டாள்.

"டீபாவளி."

அதையும் போட்டாள். தவுக்கே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையில் விரலை வைத்தார். ஒவ்வொரு திருநாளிலும் கோடு மேலே ஏறி ஏறி ஒரே உயரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. விரல் வைத்த இடம் மாறவே இல்லை.

"என்னா லா இது? மலாய்க்காரன், சீனன், தமிழன் எல்லாம் பேசி வச்சிக்கிட்டு ஒரே கணக்கா வாறான்?"

ஸ்கந்தராஜா சிரித்துவிட்டார். "அது சனத்தின்ரை கணக்கில்லை தவுக்கே. எங்கடை பஸ்ஸின்ரை கணக்கு. அதுக்கு மேலை ஏத்த இடமில்லை."

"அப்போ மிச்ச ஆளு?"

பதில் சொல்லவேண்டியது தான்தான் என்று செல்லாயிக்குத் தோன்றியது.

"ரோட்டுல நிக்கிறாங்க தவுக்கே. டிக்கெட் வாங்கினவங்கதான் இந்தக் கோட்டுல இருக்காங்க. ஏற முடியாதவங்களுக்கு டிக்கெட் கெடையாது, அதனால கோட்டுலயும் அவங்க இல்ல. போன பூசத்துக்கு எங்க அக்கா நின்னாங்க. பஸ் கெடைக்காம உச்சி வெயில்ல பால்குடம் எடுத்து, காலெல்லாம் கொப்பளிச்சுப் போச்சு."

தவுக்கே அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"எந்த தோட்டம்?"

அவள் பெயரைச் சொன்னாள்.

"அந்த தோட்டத்துல நான் கருவாடு வித்திருக்கேன்" என்றார் தவுக்கே. திரைப்பக்கம் திரும்பினார். "சரி. பஸ்ஸுக்கு எங்க போறது?"

அதற்கும் செல்லாயி தயாராக இருந்தாள். அதே தேதிகளை வைத்துக்கொண்டு ஜெலாப்பாங் தொழிற்சாலை லைனை வரவழைத்தாள். பூசத்தன்று பேராக் மாநிலத்தில் விடுமுறை. கோடு தரையைத் தொட்டுக்கொண்டு படுத்திருந்தது. அந்த லைன் பஸ்களெல்லாம் டெப்போவில் சும்மா நின்றிருக்கின்றன.

தவுக்கே தலையை ஆட்டினார். ஆனால் அவரும் லேசுப்பட்டவரல்லர்.

"இந்த வருஷம் பூசத்துக்குப் பக்கத்துலயே சாப் கோ மே. சீனப் பெருநாள் கடைசி நாள். அந்த லைன் டிரைவர் எல்லாம் சீனன். லீவு கேப்பான். அது ஒன் பொட்டிக்குத் தெரியுமா?"

செல்லாயிக்கு அது தோன்றவே இல்லை. முந்திய ஆண்டு இரண்டும் தள்ளித் தள்ளி வந்ததால் கோடுகளிலும் அது தெரியவில்லை. ஸ்கந்தராஜா கன்னத்தைச் சொறிந்தார். அப்புறம் மூவருமாக உட்கார்ந்தார்கள். டவுன் பஸ் ஓட்டுகிற தமிழ் டிரைவர்களில் பூசத்துக்கு விரதமில்லாதவர்களைத் தாப்பா லைனுக்கு மாற்றுவது, அவர்களுடைய டவுன் ஓட்டத்தை மலாய் டிரைவர்கள் பார்த்துக்கொள்வது, சாப் கோ மே கொண்டாடுகிறவர்களுக்குத் தாராளமாக லீவு கொடுப்பது என்று முடிவாயிற்று. கூடுதல் பஸ்களில் பாதி தாப்பாவில் புறப்படாமல், காலியாகவே வந்து தோட்டத்து முச்சந்திகளில் ஆள் ஏற்றவேண்டும் என்பது மட்டும் செல்லாயி கேட்டு வாங்கியது.

"போலே" என்றார் தவுக்கே. ஆகட்டும் என்று அவர் சொல்வது எப்போதும் மலாயில்தான்.

தைப்பூசத்தன்று கருக்கல் விலகுமுன்பே செல்லாயி புந்தோங் மாரியம்மன் கோயில் வாசலுக்கு வந்துவிட்டாள். மஞ்சள் சேலைகளும் வேப்பிலையும் உறுமிச் சத்தமுமாகத் தெரு நிறைந்து கிடந்தது. அவளுக்கு எதிலும் மனம் பதியவில்லை. பஸ் நிற்கிற முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறும் பச்சைக் கோட்டை நம்பி இத்தனை பஸ்களைக் கிளப்பிவிட்டோமே, முச்சந்தியில் ஆளே இல்லாமல் போயிருந்தால்?

பச்சையும் மஞ்சளுமாக ஒரு பஸ் வந்து நின்றது. டிரைவர் மாயாண்டி முதலில் குதித்தார்.

"செல்லாயி! முச்சந்தியில நிறுத்துனேன் பாரு, சனம் நம்பவே இல்ல. காலி பஸ்ஸு நம்மள பாத்து நிக்குதேன்னு ஒருத்தரும் ஏற மாட்டேங்குறாங்க. ஏறுங்க ஏறுங்கன்னு நான் எறங்கிக் கும்பிட வேண்டியதா போச்சு."

அவர் பின்னால் தோட்டமே இறங்கியது. பிள்ளைகள், பொட்டலங்கள், குடங்கள். கருப்பம்மாள் மூன்று வருஷத்துக்கு நேர்ந்துகொண்டவள். மஞ்சள் சேலையில் குளித்த ஈரம் காயாத தலையோடு இறங்கினாள். தங்கையைக் கண்டதும் கேட்டாள்.

"ஏன்டி, என்னா அதிசயம் இது? நின்னோம், பஸ்ஸு வந்துச்சு, உக்காந்து வந்தோம்! பின்னாடி இன்னொன்னு வேற வருது. யாருடி இத விட்டது?"

செல்லாயிக்கு 'கம்பெனி' என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை.

"நான்தான்க்கா. நானும் எங்க மேனேஜரும்."

"நீயா? நீ டைப்பு அடிக்கிறவதான?"

"இப்ப கம்ப்யூட்டரு. என்னிக்கி எவ்ளோ கூட்டம் வரும்னு அதுல பாக்குற மாதிரி செஞ்சேன். தேதிய மாத்துனா படம் மாறும்."

கருப்பம்மாளுக்கு அது எந்த அளவுக்கு விளங்கியதோ தெரியாது. ஆனால் விளங்கவேண்டியது விளங்கிவிட்டது. திரும்பி நின்று, உறுமியையும் மீறிக் கத்தினாள்.

"கேட்டுக்கிட்டீங்களா? இந்த பஸ்ஸு எந்தங்கச்சி விட்டது! நம்ம லயத்துல பொறந்தவ விட்டது!"

சனம் செல்லாயியைத் திரும்பிப் பார்த்தது. கிழவர் ஒருவர் கைகூப்பிவிட்டார். அவளுக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகினாலும், "அப்படியெல்லாம் இல்ல" என்று மறுக்கத் தோன்றவில்லை. நிமிர்ந்து நின்றாள்.

தார் ரோடு இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது. அக்காள் குடத்தை ஏந்தி முன்னே நடக்க, செல்லாயி அவள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். கல்லுமலை வாசலில் ஸ்கந்தராஜா வேட்டியும் திருநீறுமாக மனைவியோடு நின்றிருந்தார்.

"அன்னபாக்கியம், நான் சொன்ன செல்லாயி இவதான்."

அந்த அம்மாள் செல்லாயியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "வீட்டிலை இந்தக் கொஞ்ச நாளா உம்மடை கதைதான் பிள்ளை. சாப்பிடேக்கையும் கோடு, கோயிலுக்கு வரேக்கையும் கோடு."

வெயில் ஏறுமுன்பே கருப்பம்மாள் நேர்த்தியை முடித்துவிட்டு, மர நிழலில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பசியாறினாள்.

கணக்குகள் வந்து சேர்ந்ததும் செல்லாயி தானே உட்கார்ந்து அந்த நாள்களின் எண்ணிக்கையைப் பெரிய அட்டவணையில் ஏற்றினாள். நாலாவதாக ஒரு திருநாள் கட்டத்தைச் சேர்த்து, அதில் இந்த ஆண்டுத் தேதியைப் போட்டாள். விசையைத் தட்டுமுன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது, பழைய மூன்று கோடுகளும் முட்டி நின்ற உயரத்தைத் தாண்டி நாலாவது கோடு மேலே போயிருந்தது. திரையின் உச்சியைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

தவுக்கேயும் ஸ்கந்தராஜாவும் வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். அந்தக் கோடு கேட்காமலே பேசியது.

"செல்லாயி" என்றார் தவுக்கே. அதுவரை அவளைச் சீனத்தில் 'அமோய்', பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார். "கொஞ்சம் எழுந்திரி."

எழுந்தாள். தவுக்கே அவள் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவர் அதைத் தொட்டதே இல்லை.

"அடுத்தது ஹரி ராயா. பத்து காஜா லைன் பாக்கணும். எந்த கட்டம்?"

"அந்த மேல இருக்கே, அதுதான் தவுக்கே. மொதல்ல நாள், அப்புறம் மாசம்."

தவுக்கே விசைகளைத் தேடித் தேடி, ஒரு கோழி கொத்துவதுபோல ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினார். ஸ்கந்தராஜா உதவிக்குக் குனிந்தார். செல்லாயி அவர் கையை மெல்லத் தடுத்தாள்.

"விடுங்க சார், அவரே போடட்டும். தப்பா வராது" என்றாள்.